கைவினைப் பொருள்களில் எவை சின்னக் குழந்தைக்கு மூச்சடைப்பை உண்டாக்கும்?

வீட்டில் கைவினை செய்யும் இடத்தில் மணி, பொத்தான், பொம்மைக்கண் எல்லாம் கிடக்கும். தொண்டைக்குள் போகும் அளவு சிறியதாகவும், மூச்சுக்குழாயை அடைக்கும் அளவு பெரியதாகவும் உள்ள எதுவும் மூச்சடைப்பு அபாயம்தான்.

3 வயதுக்குள் குழந்தை எதையும் வாயில் போட்டுத்தான் அறிந்துகொள்ளும். இருமித் தள்ளும் வலுவும் குறைவு. உருண்டை மணி சிக்கினால் பாட்டில் வாயில் தக்கை இறுகிய மாதிரி, காற்று போக இடுக்கே இருக்காது.

பொம்மைகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையில் போட்டுச் சோதிப்பார்கள். வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக் குழாய் போதும். அதற்குள் நுழைவதெல்லாம் பூட்டிய டப்பாவில், எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். உருண்டோடிய மணி அங்கேதான் கிடக்கும்.

காந்தமும் பட்டன் பேட்டரியும் இன்னும் மோசம். விழுங்கிய இரண்டு காந்தங்கள் குடல் சுவரை நடுவில் நசுக்கி ஓட்டை போட்டுவிடும். உணவுக்குழாயில் சிக்கிய பேட்டரி 2 மணி நேரத்திலேயே அதைக் கடுமையாகப் புண்ணாக்கும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போங்கள். தானாக வெளியே வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், பெட்டியில் ‘நச்சற்றது’ என்றிருந்தால் பயமில்லை எனப் பலர் நினைக்கிறார்கள். அது விஷம் இல்லை என்று மட்டுமே சொல்கிறது, தொண்டையை அடைக்காது என்று அல்ல.