கிட்டார் பெயிண்டை உரிக்க ரிமூவர் வாங்கலாமா?

கேள்வி: என்னிடம் ஸ்குவயர் அஃபினிட்டி ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலெக்ட்ரிக் கிட்டார் இருக்கிறது. கறுப்பு நிறம். பெயிண்டை எடுத்துவிட்டு மரம் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ள ஆசை. தின்னர் போட்டுத் தேய்த்தும் பளபளப்புகூடக் குறையவில்லை. கடையில் விலை கூடிய பெயிண்ட் ரிமூவர் ஒன்றைக் காட்டி, எதையும் உரித்துவிடும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணம் வீண், உடம்புக்கும் ஆபத்து.

1950களின் ஃபெண்டர், கிப்சன் கிட்டார்களில் அடித்தது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற பழைய வகைப் பூச்சு. அது தின்னரில் கரையும். உங்களுடையது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு. ஒருமுறை இறுகிவிட்டால் எந்தத் தின்னரும் அதைத் திரும்பக் கரைக்காது. பாலியெஸ்டர் பூச்சு இன்னும் கெட்டி. சந்தேகம் இருந்தால், கழுத்து பொருந்தும் குழியில் காது குடையும் பஞ்சால் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் லாக்கர், அசையாமல் இருந்தால் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர்.

வீரியமான ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கலாம். மூடிய அறையில் அதன் ஆவி உயிரையே எடுத்திருக்கிறது. அமெரிக்காவில் அது கலந்த பெயிண்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விற்க 2019லேயே தடை வந்தது. டப்பாவில் அந்தப் பெயரோ டைகுளோரோமீத்தேன் என்றோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இந்தப் பூச்சுக்குச் சரிப்பட்டு வருவது சூடுதான். வாங்குவதானால் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் வாங்குங்கள், இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. கழுத்து, பிக்கப் (கம்பிகளுக்கு அடியில் ஒலியை வாங்கும் பாகம்), பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாகம்), வயர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் தட்டையான இடத்தில் தொடங்குங்கள். ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் மரம் கருகும், ஒட்டு விடும். பூச்சு இளகியதும் பட்டி பிளேடை அடியில் செருகித் தள்ளினால் ஏடு ஏடாக எழும்பும். அடியில் மரத்தின் துளைகளை அடைக்கும் நிறமில்லாத சீலர் ஒன்று பிடிவாதமாக மிஞ்சும். அதற்கு 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120, 180. வளைவுகளில் மெஷின் வேண்டாம், வடிவம் போய்விடும். கழுத்துக் குழியைத் தேய்க்கவே கூடாது; கழுத்து ஆட ஆரம்பித்துவிடும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். சூட்டில் வரும் புகையைத் துணி முகமூடி தடுக்காது. கரிம ஆவிக்கான வடிகட்டி பொருத்திய முகமூடி வேண்டும். தேய்க்கும்போது தூசிக்கான முகமூடி.

சரி, இவ்வளவும் செய்து உள்ளே என்ன இருக்கும்? எனக்குக் கவலை இதில்தான். இப்போதைய அஃபினிட்டியின் பாடி பெரும்பாலும் பாப்லர் மரம். பச்சையும் சாம்பலுமாகக் கோடு ஓடும் சாதாரண மரம் அது. முழு நிறம் அடிக்கப்போகிற பாடிக்கு ரேகை பொருந்துகிறதா என்று தொழிற்சாலை பார்ப்பதில்லை. பல துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். சில மலிவுக் கிட்டார்களில் மேலே வெனீர் என்ற மெல்லிய மரத்தகடு ஒட்டி இருக்கும், கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தாலே ஓட்டை. கழுத்தைக் கழற்றியதும் குழியின் ஓரத்திலும் திருகுத் துளைகளிலும் தெரிகிற மரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

வேறு நிறம் போதும் என்றால் உரிக்கவே வேண்டாம். 400 நம்பர் தாளால் பளபளப்பை மட்டும் போக்கிவிட்டு மேலேயே ஸ்ப்ரே அடியுங்கள். பழைய பூச்சைவிட நல்ல பிரைமர் கிடைக்காது. அழகான ரேகைதான் வேண்டும் என்றால், பெயிண்ட் அடிக்காத பாடியைத் தனியாக விலை கேளுங்கள். ஹீட் கன், தாள், முகமூடி, புது வார்னிஷ் எல்லாம் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவு இருக்காது. ஆனால் அஃபினிட்டியின் பாடி வழக்கமான 45 மி.மீ. பாடியைவிட மெல்லியது. கழுத்துக் குழியின் அளவு, பிரிட்ஜ் திருகுகளின் இடைவெளி, பிரிட்ஜுக்கு அடியில் தொங்கும் உலோகக் கட்டியின் உயரம், மூன்றையும் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கேள்வி: சித்தப்பா கொடுத்த 1965 ஃபெண்டர் இருக்கிறது. லாக்கர் முழுக்க வெடிப்பு. உரித்துப் புதிதாக அடித்தால் நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: தொடாதீர்கள். அந்த வெடிப்போடு இருக்கும் அசல் பூச்சுக்குத்தான் வாங்குபவர் பணம் கொடுக்கிறார். மறுபூச்சு என்று தெரிந்தாலே பழைய கிட்டார் வியாபாரிகள் பாதி விலையிலிருந்து பேசத் தொடங்குவார்கள். ஈரத்துணியால் துடைத்து, பெட்டியில் வைத்து, கழுத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் தேதியைப் படம் எடுத்து, இரண்டு மூன்று பேரிடம் மதிப்புக் கேளுங்கள்.