லாக்டோபேசிலஸ் எங்கே போச்சு?

கேள்வி: குழந்தையின் வயிற்றுப்போக்குக்கு டாக்டர் ஒரு புரோபயாடிக் எழுதிக்கொடுத்தார். பழைய டப்பாவில் ‘லாக்டோபேசிலஸ் ரம்னோசஸ்’ என்று இருந்தது, புதிய டப்பாவில் ‘லாக்டிகேசிபேசிலஸ் ரம்னோசஸ்’ என்று இருக்கிறது. சரக்கை மாற்றிவிட்டார்களா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சரக்கு அதேதான், பயப்படாதீர்கள். மாறியது அந்த பாக்டீரியாவின் பெயரின் முன்பாதி, அதாவது பேரினப் பெயர் (உறவுள்ள சிற்றினங்களைச் சேர்த்த கூட்டத்தின் பெயர்) மட்டும். ரம்னோசஸ் என்ற சிற்றினப் பெயருக்குப் பின்னால் ‘ஜிஜி’ மாதிரி ஒரு குறி இருக்கும் பாருங்கள், அதுதான் குறிப்பிட்ட ரகத்தின் அடையாளம். டாக்டர் சொன்ன ரகம்தானா என்று அதை வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும்.

லாக்டோபேசிலஸ் பேரினத்தை 1901-ல் பெயரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி ஏற்படுத்தினார். அதற்கப்புறம் குச்சி வடிவத்தில், சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் விடுகிற எது கிடைத்தாலும், அது தயிரில் இருந்ததோ தேனீயின் குடலில் இருந்ததோ, பெரும்பாலும் அதிலேயே போட்டுக்கொண்டு வந்தார்கள். 2020-ல் பார்த்தால் 261 சிற்றினங்கள். இவற்றின் ஜீனோம்களை, அதாவது முழு டிஎன்ஏ எழுத்து வரிசைகளை, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒரே பேரினம் என்று நம்பியிருந்த சிலவற்றுக்கு நடுவே, வேறு பாக்டீரியாக்களில் தனித்தனிக் குடும்பங்களுக்கு இடையே இருக்கும் அளவுக்குத் தூரம் இருந்தது. 2020 ஏப்ரலில் ஒரு பன்னாட்டுக் குழு அதை 25 பேரினங்களாகப் பிரித்தது, அதில் 23 புத்தம் புதியவை. உணவிலும் மருந்திலும் அதிகம் புழங்குகிறவற்றுக்கு வேண்டுமென்றே ‘எல்’ எழுத்தில் தொடங்கும் பெயராக வைத்தார்கள், ‘எல். ரம்னோசஸ்’ என்று சுருக்கி எழுதுகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. தயிர் புளிக்கவைக்கிற டெல்ப்ரூக்கி பல்கேரிகஸும் அதன் நெருங்கிய உறவுகளும் லாக்டோபேசிலஸ் என்ற பழைய பெயரிலேயே இருக்கின்றன, ஏனென்றால் அந்தப் பேரினமே டெல்ப்ரூக்கியை அடிப்படையாக வைத்துத்தான் நிற்கிறது. என்னைக் கேட்டால் இந்தப் பிரிப்பு எப்போதோ நடந்திருக்க வேண்டியது.

கேள்வி: ஒரு பாக்டீரியா புதுச் சிற்றினமா இல்லையா என்று ஜீனோமை வைத்து எப்படி முடிவு செய்கிறார்கள்? (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: ஒரு காலத்தில் வடிவம், சாயம் ஏற்கிறதா, எந்தச் சர்க்கரையைத் தின்கிறது என்று பார்த்தார்கள். அப்புறம் இரண்டு பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைச் சூடாக்கிப் பிரித்து, கலந்து ஒட்டவைத்து, 70 சதவீதமோ அதற்கு மேலோ ஒட்டினால் ஒரே சிற்றினம் என்று 1987-ல் ஒரு வரையறை வந்தது. அந்தச் சோதனை படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல, ஆய்வகத்துக்கு ஆய்வகம் விடை வேறு வரும். இன்னொரு பக்கம் 16எஸ் ஆர்என்ஏ மரபணு, செல்லில் புரதம் செய்யும் ரைபோசோமின் ஒரு பகுதிக்கான மரபணு இது. சுமார் 1,500 எழுத்துதான், படிப்பது சுலபம், அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோஸ் 1977-ல் ஆர்க்கியா என்ற தனி உயிர்ப்பிரிவையே இந்த ஆர்என்ஏவை ஒப்பிட்டுத்தான் பிரித்துக் காட்டினார். ஆனால் நெருங்கிய உறவுகளைப் பிரிக்க அது போதாது. நாற்பது லட்சத்துக்கு மேல் எழுத்துள்ள ஒரு ஜீனோமில் 1,500 எழுத்து எந்த மூலைக்கு?

இப்போது முழு ஜீனோமையும் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் மற்றதில் ஜோடி தேடி, பொருந்திய இடங்களில் சராசரியாக எத்தனை சதவீத எழுத்து ஒன்றாக இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ஏஎன்ஐ (சராசரி நியூக்ளியோடைட் ஒற்றுமை) என்பது இதுதான். 95, 96 சதவீதத்துக்கு மேல் வந்தால் ஒரே சிற்றினம், பழைய 70 சதவீத ஒட்டலும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் விழுகிறது. இந்த 95 யாரோ உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்டதாச்சே என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. 2018-ல் சுமார் 90,000 ஜீனோம்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள், 83-க்கும் 95-க்கும் நடுவே கிட்டத்தட்ட காலியாக இருந்தது. ஆக, கோட்டை நாம் கிழித்தாலும் ஓர் இடைவெளி பார்த்துத்தான் கிழித்திருக்கிறோம். பேரினத்துக்கு அப்படி ஒரு நிலையான எண் கிடையாது, அதனால்தான் அங்கே சண்டை அதிகம்.

இந்தக் கணக்கு நம் ஊர் ஆட்களுக்கும் கையைக் கடித்திருக்கிறது. 2005-ல் ஹைதராபாத்திலிருந்து பறக்கவிட்ட பலூன் மேலே காற்றில் பிடித்து வந்த பாக்டீரியாக்களில் மூன்றைப் புதுச் சிற்றினம் என்று 2009-ல் அறிவித்தார்கள். ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர், இன்னொன்றுக்கு இஸ்ரோ பெயர். பேசிலஸ் ஆரியபட்டாயின் ஜீனோமை 2019-ல் ஒப்பிட்டவர்கள், இது 1884-லேயே பெயரிடப்பட்ட பேசிலஸ் மெகடேரியம்தான் என்று எழுதினார்கள். இரண்டும் ஒன்று என்றால் மூத்த பெயருக்குத்தான் முன்னுரிமை. வருத்தம்தான், ஆனால் விதி விதிதான்.

கேள்வி: ஈ.கோலையும் ஷிகெல்லாவும் ஜீனோம்படி ஒன்றுதான் என்கிறார்களே, பிறகு ஏன் இரண்டு பெயர்? (லேப் டெக்னீஷியன், கோவை)

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். ஈ.கோலை குடலில் வாழும் பாக்டீரியா, ஷிகெல்லா சீதபேதிக் கிருமி. ஷிகெல்லா ஈ.கோலையின் வம்ச மரத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, அதுவும் ஒரே கிளையில் இல்லை, ஈ.கோலைகள் பல முறை தனித்தனியாகக் குடல் செல்களுக்குள் நுழையும் திறனைத் தருகிற பிளாஸ்மிடை (தனியாகச் சுற்றும் சிறு டிஎன்ஏ வளையம்) பெற்று ஷிகெல்லா ஆகியிருக்கின்றன. ஆனால் சீதபேதி நோயாளியின் ரிப்போர்ட்டில் வெறும் ஈ.கோலை என்று அடித்துக் கொடுத்தால் டாக்டர் என்ன நினைப்பார்? அதனால் விட்டுவைத்திருக்கிறார்கள். பிளேக் கிருமி யெர்சினியா பெஸ்டிஸ் கதை இன்னும் தெளிவானது. டிஎன்ஏ ஒட்டல் சோதனையில் அது யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸோடு ஒன்றாகவே வந்தது, ஆகவே அதன் துணைச்சிற்றினம் என்று மாற்றினார்கள். ஆபத்தான குழப்பம் வரும் என்று பெயரிடல் விதிகளுக்கான நீதிக் குழு 1985-ல் அந்தப் புதுப் பெயரை நிராகரித்துவிட்டது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய பெயரை ஒதுக்க அந்த விதிப் புத்தகத்தில் தனி இடமே உண்டு.

கேள்வி: நான் ஒரு புது பாக்டீரியாவைக் கண்டுபிடித்தால் என் பெயரையே வைக்கலாமா? (பிளஸ் டூ மாணவி, கடலூர்)

பதில்: தன் பெயரைத் தானே வைப்பது வழக்கமில்லை, மற்றவர்கள் வைத்தால் உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பிச்சாவரத்தில் காட்டு நெல்லில் கிடைத்த உப்புத் தாங்கும் பாக்டீரியாவுக்கு 2004-ல் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதனைக் கௌரவித்துச் சுவாமிநாதானியா என்று பெயர் வைத்தார்கள், வைத்தது அவருடைய ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள்.

பெயரை நிலைநாட்டுவது தனி வேலை. உயிருள்ள வளர்ப்பை இரண்டு வேறு நாடுகளின் சேகரிப்பு மையங்களில் வைக்க வேண்டும், யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும், ஜீனோமையும் வெளியிட வேண்டும். இந்தியக் கிருமியை வெளிநாட்டுக்கு அனுப்பப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி அனுமதி தேவை, அதைத் தரும் தேசிய ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. ஆய்வகத்தில் வளரவே மாட்டேன் என்கிற பாக்டீரியாவாக இருந்தால் 2022-ல் வந்த ‘சீக்கோட்’ விதிப்படி ஜீனோமை மட்டும் சான்றாகக் காட்டிப் பெயர் வைக்கலாம், பழைய விதிக்காரர்கள் அதை இன்னும் ஏற்கவில்லை.