பாஸ்புக்கில் பூஜ்யம் என்றால் பள்ளிக்குப் பணம் வரவில்லை என்று அர்த்தமா?

பாம்பன் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பாசி எடுக்கப் போகிறவர். மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்கு அவரைத் தலைவியாக்கிவிட்டார்கள். பள்ளியில் 74 பிள்ளைகள். அவர் கேட்பது இது:

"கழிப்பறைக் கதவு துருப்பிடித்து விழுந்துவிட்டது. சுற்றுச்சுவர் இல்லாமல் ஆடும் நாயும் உள்ளே வருகின்றன. பணமே வரவில்லை என்கிறார் எச்.எம். டீச்சர். பாஸ்புக்கைப் பார்த்தால் பூஜ்யம்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு தடவை என்னிடம் ஏதோ தாளில் கையெழுத்து வாங்கினார்கள். எங்களைப் போன்றவர்களைக் குழுவில் போட்டு என்ன பயன்? எங்களுக்கென்று அரசு பணம் ஒதுக்குகிறதா?"

முதலில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்துவிடுவோம். டீச்சரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அது.

முன்பெல்லாம் மானியம் பள்ளிக் கணக்கில் வந்து விழும், பாஸ்புக்கில் தெரியும். 2021க்குப் பிறகு மத்திய அரசின் பங்கு உள்ள திட்டங்களில் அந்த முறை மாறிவிட்டது. பணம் மாநில அளவில் ஒரே கணக்கில் இருக்கும். உங்கள் பள்ளிக் கணக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு. 'இந்தப் பள்ளி இவ்வளவு வரை செலவு செய்யலாம்' என்ற வரம்பு மட்டும் பி.எஃப்.எம்.எஸ். என்ற, அரசுப் பணப் பட்டுவாடாவுக்கான இணையதளத்தில் ஏறும். செலவு செய்யும்போது கடைக்காரர் பெயரும் தொகையும் போட்ட ஒரு தாளை அதிலிருந்து அச்செடுத்து, தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்திட்டு வங்கியில் கொடுப்பார்கள். பணம் நேராகக் கடைக்காரர் கணக்குக்குப் போய்விடும். ஆகவே வருஷம் முழுக்கப் பாஸ்புக் பூஜ்யமாக இருந்தும் பள்ளிக்கு மானியம் வந்து, செலவாகி, முடிந்தும் போயிருக்கலாம்.

உங்களிடம் இரண்டு தடவை வாங்கிய கையெழுத்து அந்தத் தாளாகவே இருக்கக்கூடும். அதில் தப்பில்லை, ஆனால் என்ன தாள் என்று கேட்காமல் போட்டது தப்பு. இனிமேல் கடை பெயர், தொகை, எந்த வேலைக்கு என்ற மூன்றும் இல்லாத தாளைத் தொடாதீர்கள். "வரம்பு எவ்வளவு வந்திருக்கிறது, டீச்சர்? அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பாஸ்புக்கைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. செலவாகாத வரம்பு மார்ச் 31க்குப் பிறகு கைவிட்டுப் போய்விடும் என்பதால், இந்தக் கேள்வியை ஜனவரியிலேயே கேட்டுவிட வேண்டும்.

சரி, எவ்வளவு வரும்? ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 101 முதல் 250 வரை 50,000. உங்கள் பள்ளிக்கு 25,000. அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. அதாவது 2,500 ரூபாய். கழிப்பறைக் கதவு இதற்குள்ளேயே வந்துவிடும், மேலே ஆனாலும் மீதி மானியத்திலிருந்து எடுக்கலாம். இது போகத் தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருளுக்கு 5,000 உண்டு. கயிறும் பந்தும் வந்து சேர்ந்ததா என்று பிள்ளைகளைக் கேட்டாலே போதும், கணக்குத் தணிக்கை முடிந்துவிடும்.

எங்களுக்கென்று ஒதுக்குகிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். ஒதுக்குகிறார்கள், ஆனால் சிறிய தொகை. குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடத்தப் பள்ளிக்கு 3,000 ரூபாய் வரையும், ஊர் மக்களைத் திரட்டும் வேலைகளுக்கு 1,500 வரையும் அந்தத் திட்டத்தில் இடம் உண்டு. இது பள்ளிக் கணக்குக்கே வர வேண்டும் என்பதில்லை, வட்டார அளவில் பயிற்சி வைத்தும் செலவாகும். மண்டபம் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் போய், "எங்கள் குழுவுக்குப் பயிற்சி எப்போது?" என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. கூட்டத்துக்கு வரும் அம்மாக்களின் ஒருநாள் கூலியை யாரும் ஈடுகட்டுவதில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. தண்ணீர் வற்றும் நாளில் பாசியை விட்டுவிட்டு ஒருத்தி கூட்டத்துக்கு வருகிறாள் என்றால், அந்தப் பள்ளிக்கு அவள் நன்கொடை கொடுத்துவிட்டாள் என்றுதான் அர்த்தம்.

டீச்சர் சொன்னது பொய்யாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. இதே திட்டத்தில் 2024-25க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை, பி.எம். ஸ்ரீ என்ற தன் இன்னொரு பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததைக் காட்டி மத்திய அரசு நிறுத்தி வைத்தது. மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போனது. டெல்லியில் நடக்கும் சண்டை கழிப்பறைக் கதவில் வந்து இடிக்கிறது. அதனால்தான் 'வந்ததா, எப்போது, எவ்வளவு' என்று எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். வாயால் கேட்டு மறுக்கிறார்கள் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அதை முதல் ஆயுதமாக எடுக்காதீர்கள். சின்ன ஊரில் டீச்சரோடு நாளைக்கும் முகம் பார்த்தாக வேண்டும்.

இப்போது சுற்றுச்சுவர். 25,000 ரூபாயில் சுவர் எழுப்ப முடியாது. அந்தப் பணத்துக்காகக் கூட்டத்தில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்கும் குழுக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அதன் கட்டட வேலைகளுக்குப் போக வேண்டிய இடம் வட்டார வளர்ச்சி அலுவலர். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் கொடுத்தால் போதும். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் கேட்கலாம்.

ஊரும் கொஞ்சம் போட முடியும் என்றால் 'நமக்கு நாமே' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் இடத்தில் ஐந்தில் ஒரு பங்கு போதும். சுவருக்கு ஆறு லட்சம் மதிப்பீடு என்று வைத்துக்கொண்டால் ஊர்ப்பங்கு இரண்டு லட்சம். அதை ஏப்ரல் 15க்கும் ஜூன் 14க்கும் நடுவே, விசைப்படகுத் தடைக்காலத்தில், வசூலிக்க நினைக்காதீர்கள். வீட்டில் அரிசிக்கே அப்போது கணக்குப் பார்ப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தருவதாக இருந்தால், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளம் வழியாகக் குறிப்பிட்ட பள்ளிக்கென்றே அனுப்பலாம். கையில் ரொக்கமாக மட்டும் வாங்காதீர்கள். ரசீது இல்லாத நல்ல மனசு ஊரில் இரண்டு கட்சியை உண்டாக்கிவிடும்.

எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: தீர்மானம் எங்கே? கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிக்கும் வேலையை உங்கள் குழுவுக்குத்தான் கொடுத்திருக்கிறது. குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் என்பதும் அதே பிரிவுதான். குழு போடும் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வைத்தே அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. ஆகவே தீர்மான நோட்டு உங்கள் முன்னால், கூட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். ஒரு பள்ளியில் எட்டு மாதக் கூட்டங்கள் ஒரே பேனாவில், ஒரே நாளில் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். உறுப்பினர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்புறம் கூரை ஒழுகுவதைப் பற்றிப் புகார் கொடுத்தால், "உங்கள் நோட்டில் எல்லாம் சரி என்று இருக்கிறதே" என்றார்கள்.

எழுதி முடித்ததும் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் (ஆப்) ஏற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். சுவருக்கான தீர்மானத்தை ஆகஸ்ட் 15 அல்லது அக்டோபர் 2 கிராம சபையிலும் ஒரு தடவை பதிவு செய்துவிட்டால், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் அதற்குக் கனம் கூடும்.

கூட்ட நேரத்தையும் தீர்மானமாகவே போடுங்கள். பாசிக்குப் போய் வருகிறவர்கள் திரும்பிவிடும் மாலை நேரம் என்று எழுதி வைத்தால் அடுத்த மாதம் யாரும் "நீங்கள்தான் வரவில்லை" என்று சொல்ல முடியாது.

அப்புறம் அந்தக் கதவு. 'கழிப்பறைக் கதவு மாற்ற வேண்டும்' என்று மட்டும் எழுதினால் மறுபடியும் இரும்புக் கதவுதான் வரும், உப்புக் காற்றில் ரொம்ப நாள் தாங்காது. 'பி.வி.சி. கதவு, துருப்பிடிக்காத கீல், உள்தாழ்ப்பாள்' என்றே எழுதுங்கள். தாழ்ப்பாள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.