பெரிய பாலம், தொழிற்சாலை எல்லாம் கட்டுமான நிறுவனங்கள் உண்மையில் எப்படிக் கட்டி முடிக்கின்றன?

கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "போர்ட்டில் பெயர் இருக்கிற கம்பனியே ஆள் வைத்து எல்லாவற்றையும் கட்டுமா, இல்லாவிட்டால் வேறு ஆட்களிடம் கொடுக்குமா?" அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். நான் திருகோணமலையில் கம்பி வேலை எடுத்துச் செய்கிற சப் கொந்தராத்துக்காரன். அதற்கு முன் ஒரு கம்பனியில் டீஓவாக, அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தராக, இருந்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

நீங்கள் அனேகமாக ஏ.எல். முடித்துவிட்டு, சிவில் எஞ்சினியரிங் படிப்பதா, கட்டட வேலையின் அளவும் செலவும் கணக்குப் பார்க்கிற கியூஎஸ் படிப்பதா என்று யோசிக்கிற ஆளாக இருக்க வேண்டும். அப்படி நினைத்துத்தான் எழுதுகிறேன். ஏற்கெனவே தொழிலில் இருப்பவர் என்றால் முதல் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

நேரான பதில்: கம்பனி கட்டுவதில்லை, கட்டுவிக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டுவிப்பது லேசான வேலை இல்லை, எல்லோராலும் முடியாது.

கம்பனியிடம் இருக்கிற பெரிய பலம் கிரேனும் பெக்கோவும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அவற்றில் பாதி வாடகைக்கு எடுத்தவை. உண்மையான பலம் கையெழுத்துப் போடக்கூடிய தகுதி. இலங்கையில் 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சீடா என்கிற அதிகாரசபை இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் ஐக்டாட் என்றுதான் சொல்வார்கள். கம்பனிகளை அது தரம் பிரித்து வைத்திருக்கிறது. மேலே சிஎஸ்2, பிறகு சிஎஸ்1, சி1 என்று இறங்கி சி9 வரை போகும். எந்தத் தரத்துக்காரர் எவ்வளவு பெறுமதியான வேலைக்கு விலை போடலாம் என்பதற்கு எல்லை உண்டு. சி9 தரத்தில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாலத்துக்கு டெண்டர் போட முடியாது.

டெண்டர் கிடைத்த பிறகு வங்கிக்குப் போக வேண்டும். வேலையை ஒழுங்காக முடிப்பேன் என்று ஒரு பிணை. ஒப்பந்தத் தொகையில் 20 சதவீதம் வரை முற்பணம் வாங்கலாம், அதற்கும் ஒரு பிணை. ஒவ்வொரு மாத பில்லிலும் வழக்கமாக 10 சதவீதத்தைப் பிடித்து, மொத்தத் தொகையில் 5 சதவீதம் சேரும் வரை தடுத்து வைப்பார்கள். ரிட்டென்ஷன் என்பது அதுதான். கட்டடத்தைக் கையேற்கும்போது பாதியைத் தருவார்கள். மீதி, குறைகள் திருத்துகிற காலம் முடிந்த பிறகு. அந்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு சம்பளமும் போட்டு நிற்க முடிந்தால்தான் அது பெரிய கம்பனி.

யார் வரைபடம் வரைகிறார் என்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. அரசாங்கமோ ஆலோசகரோ வரைந்து தந்து, கம்பனி அதன்படி கட்டினால், ஃபிடிக் என்கிற சர்வதேச ஆலோசக எஞ்சினியர்கள் சம்மேளனத்தின் மாதிரி ஒப்பந்தங்களில் சிவப்புப் புத்தகம். கம்பனியே வடிவமைத்துக் கட்டினால் மஞ்சள். சாவியைக் கையில் தருகிற மாதிரி மொத்தப் பொறுப்பும் ஒருவருக்கே என்றால் வெள்ளி, அதைத்தான் ஈபிசி என்கிறார்கள். மின் நிலையம், ஆலை மாதிரியான வேலைகள் அடிக்கடி ஈபிசியில் போகும். இந்த மூன்றின் வித்தியாசம் தெரியாமல் சைட்டுக்கு வருகிற எஞ்சினியர்மாரைக் கண்டிருக்கிறேன். கோபிக்க வேண்டாம், எல்லோரையும் சொல்லவில்லை.

நம்முடைய ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. கிண்ணியாப் பாலம் 396 மீற்றர், சவூதி அபிவிருத்தி நிதியத்தின் உதவியோடு கட்டி 2009 ஒக்டோபரில் திறந்தார்கள். அதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் அக்கரைக்குப் போக வேண்டும். பாதை நிறைந்துவிட்டால் நோயாளியோடு வந்தவரும் கரையில் காத்து நிற்பார். அந்தக் காலம் தெரியாத பிள்ளைகள் இன்று பாலத்தில் நின்று படம் எடுக்கிறார்கள், சந்தோஷம். வெளிநாட்டு நிதி வந்தால் காசு தருகிறவரின் நிபந்தனைகளும் கூடவே வரும். பொருள் எங்கே வாங்குவது, கணக்கு எப்படிக் காட்டுவது, எல்லாம் அவர்கள் சொல்கிறபடி.

கட்டாமலே போன திட்டத்துக்கும் தூரம் போகத் தேவையில்லை. சம்பூரில் இந்திய அரசின் மின் உற்பத்தி நிறுவனமான என்டிபிசியும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் போடப் போவதாக 2006 இல் பேச்சு ஆரம்பித்தது. 2016 இல் கைவிட்டார்கள். சூரிய மின்சாரத் திட்டம் பிறகு வந்தது. பத்து வருடம் நிலத்தைப் பற்றியும் சுற்றாடலைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் பேசியே போனது. இடையில் தங்கள் நிலத்துக்குத் திரும்ப முடியாமல் எத்தனை குடும்பங்கள் காத்திருந்தன என்பது சம்பூர் ஆட்களுக்குத் தெரியும். எஞ்சினியரிங் ஆரம்பிக்க முன்னமே திட்டம் பிழைக்குமா சாகுமா என்பது முடிவாகிவிடும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன் சீனக்குடாப் பக்கம் ஒரு பெரிய களஞ்சியக் கட்டடம். இரும்புக் கூடு, அதன் மேல் தகடு. கூடு வேறொரு தொழிற்சாலையில் துளை போட்டு, நிறம் அடித்து, இலக்கம் எழுதி லொறியில் வரும். சைட்டில் நாங்கள் செய்ய வேண்டியது அத்திவாரமும் தூண் கால்களும் நிலமும். கம்பி வேலை எங்கள் குழுவுக்கு.

இந்த மாதிரிக் கட்டடத்தில் உயிர் எங்கே இருக்கிறது தெரியுமா? ஆங்கர் போல்ட்டில். ஒவ்வொரு தூணின் காலிலும் கொங்கிறீட்டுக்குள் நான்கு போல்ட் நிற்கும். 30 மில்லிமீற்றர் தடிப்பு, மேலே மரை வெட்டியிருக்கும். தொழிற்சாலையில் இருந்து வருகிற தூணின் அடித்தகட்டில் உள்ள துளைகள் அந்த நாலிலும் போய் உட்கார வேண்டும். சில மில்லிமீற்றர் தவறினாலும் தூண் இறங்காது. கொங்கிறீட் இறுகிய பிறகு போல்ட்டை நகர்த்தவும் முடியாது. உடைக்க வேண்டும்.

எங்களுக்கு மழையோடு போட்டி. இங்கே வடகீழ் பருவமழை ஒக்டோபர் கடைசியில் பிடித்தால் ஜனவரி வரை விடாது. சீனக்குடாப் பக்கம் நிலத்தடி நீர் மேலே. கிடங்கு வெட்டினால் காலையில் தண்ணீர் நிற்கும், பம்ப் பூட்டி இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே அத்திவாரம் முழுவதும் மழைக்கு முன் நிலத்துக்கு மேலே வந்துவிட வேண்டும் என்று நிரலில், அதாவது எந்த வேலை எப்போது என்கிற அட்டவணையில், போட்டிருந்தது. அந்த நிரலை எழுதிய பிளானிங் எஞ்சினியரை நான் மனதாரப் பாராட்டுவேன், கெட்டிக்காரப் பிள்ளை.

கொங்கிறீட் இரவில். பகல் வெயிலில் போட்டால் கலவை சூடாகிவிடும். எங்கள் ஒப்பந்தத்தில் 32 பாகை செல்சியஸுக்கு மேல் போனால் லொறியைத் திருப்ப வேண்டும் என்று இருந்தது. அன்றைக்கு ஆறு மணிக்கே எல்லாம் தயார். கம்பி கட்டியாயிற்று, கம்பி பலகையில் ஒட்டாமல் தள்ளி நிறுத்துகிற கவர் கட்டைகள் வைத்தாயிற்று, பலகை அடித்தாயிற்று. ஆலோசகரின் ஆள் டேப் பிடித்துப் பார்த்து, சோதனைப் படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டார். முதல் மிக்சர் லொறி கேற்றுக்கு வந்துவிட்டது.

எங்கள் குழுவின் தலைமைக் கம்பி பாஸ் மூதூர் முஸ்லிம், அண்ணன் என்கிற முறையில் அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒரு தூண் காலுக்குப் பக்கத்தில் குந்தி, போல்ட்டுகளைப் பிடித்து நிற்கிற டெம்பிளேட் தகட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இந்த வரிசைக்கு மட்டும் தகடு அகலம் கூட. மற்ற வரிசைக்குச் சரி. ட்ரோயிங்கக் கொண்டு வாங்க."

கொண்டுபோய் டோர்ச் அடித்துப் பார்த்தோம். எங்கள் கையில் இருந்த தாள் பழைய திருத்தம். கூட்டைச் செய்கிற தொழிற்சாலை கடைசி வரிசைத் தூணின் அடித்தகட்டைச் சிறிதாக்கி, புதிய திருத்தம் அனுப்பியிருக்கிறது. அது சைட் ஒபிசின் கணினி வரை வந்திருக்கிறது. கம்பி கட்டுகிறவர் கைக்கு வரவில்லை. கையெழுத்துப் போட்ட ஆளிடமும் பழைய தாள்தான்.

நான் போய், அந்த வரிசையைப் போட வேண்டாம் என்று சொன்னேன். சைட் மனேஜர் சத்தம் போட்டார். லொறி வந்து நிற்கிறது, கலந்த கொங்கிறீட்டை ஒன்றரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும் என்பது பொது நியதி, அவருடைய அவதியும் விளங்குகிறது. மற்ற வரிசைகளை முதலில் போடுங்கள், இந்த வரிசையைக் கடைசிக்கு வையுங்கள் என்றேன். அதற்கிடையில் நானாவும் இரண்டு பொடியன்களும் டெம்பிளேட்டைக் கழற்றி, புதிய அளவுக்குத் துளை போட்டு, மட்டம் பிடித்து, மறுபடியும் நிறுத்தினார்கள். கடைசி லொறி வரும்போது அந்த வரிசையும் தயார். பிறகு கூடு வந்து இறங்கியபோது அந்தத் தூண்கள் ஒரு தட்டு இல்லாமல் உட்கார்ந்தன.

மாத அறிக்கையில் அது எப்படி எழுதப்பட்டது தெரியுமா? கம்பனியின் தரக்கட்டுப்பாட்டு முறைமை பிழையை உரிய நேரத்தில் கண்டுபிடித்தது என்று. நானாவின் பெயர் இல்லை. "நிறுவனங்கள் எப்படிச் செய்து முடிக்கின்றன" என்ற கேள்வியைக் கண்டதும் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான்.

முறைமை வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சோதனைப் படிவம் இல்லாத சைட்டிலும் வேலை செய்திருக்கிறேன், அங்கே நடந்தவற்றை எழுதினால் அந்தக் கட்டடத்துக்குள் போகவே பயப்படுவீர்கள். 7 நாளிலும் 28 நாளிலும் கொங்கிறீட் மாதிரிக் கட்டியை, அதாவது கியூபை, உடைத்துப் பலம் பார்ப்பது, கடற்காற்றில் துருப்பிடித்த கம்பியைத் திருப்பி அனுப்புவது, எல்லாம் வேண்டும். ஆனால் தாளில் இருக்கிற முறைமைக்குக் கண் இல்லை. கண் கம்பி கட்டுகிறவருக்குத்தான் இருக்கிறது.

இனிக் காசுக் கதை. எங்கள் சப் ஒப்பந்தத்தில் ஒரு வரி: மேலே இருந்து கம்பனிக்குப் பணம் வந்தால்தான் எங்களுக்குப் பணம். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. அதற்கு முந்தைய வருடம் ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்துப் பை 3,000 ஐத் தாண்டியது. பிரதான ஒப்பந்தத்தில் விலையேற்றத்துக்குச் சூத்திரம் இருக்கும், சீடாவின் விலைச் சுட்டெண்ணை வைத்துக் கணக்குப் போட்டுக் கேட்கலாம். எங்களுக்கு நிலையான விலை. கட்டுகம்பியும் வெட்டுத் தட்டும் டீசலும் எங்கள் கணக்கு. பொடியன்களுக்குக் கிழமைச் சம்பளம், அதற்குச் சாட்டுச் சொல்ல முடியாது. மனைவியின் நகை அடகுக்குப் போனது. கம்பனியின் பெரிய வேலைக்கு அந்த மாதங்களில் முதல் போட்டது எங்கள் வீடு.

சப் கொந்தராத்துக்காரனின் வயிற்றெரிச்சல் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும். இங்கிலாந்தில் இந்த மாதிரி நிபந்தனை செல்லாது என்று 1996 இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மேலே இருப்பவர் வங்குரோத்தானால் மட்டும்தான் விதிவிலக்கு. இங்கே அந்த வரியை ஒப்பந்தங்களில் இன்றைக்கும் பார்க்கிறேன்.

இன்னொன்று. கேட்ட விஷயத்துக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. நானாவின் மூத்த மகன் தகப்பனிடம் வேலை பழகியவன், என்விகியூ என்கிற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் எடுத்தான், ட்ரோயிங் வாசிப்பான். அவனுக்குக் கலியாணம் பேசப் போன இடத்தில் கேட்ட முதல் கேள்வி, அரசாங்க வேலையா என்பது. இல்லை என்றதும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது அவன் கட்டாரில். அங்கே அவனுக்கு ஃபோர்மன் வேலை. தமிழர், முஸ்லிம் என்று இதில் வித்தியாசம் இல்லை, எங்கள் சொந்தத்துக்குள்ளும் இதே கேள்விதான். ஒரு அலுவலக மேசைக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியைக் கைத்தொழிலுக்குக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை ஊரில் இருந்திருப்பான். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இன்னும் நிற்கின்றன. அவற்றின் தகடுகளைத் தூக்கி நிறுத்தியவர்களில் ஒருவரின் பெயரைச் சொல்ல இந்த ஊரில் யாராவது இருக்கிறார்களா?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சிவிலோ கியூஎஸ்ஸோ, எதையும் படியுங்கள், இரண்டிலும் வேலை இருக்கிறது. படிக்கும்போதே விடுமுறையில் ஒரு சைட்டில் போய் நில்லுங்கள், சம்பளம் பார்க்க வேண்டாம். கியூஎஸ் என்றால் ஃபிடிக்கின் உரிமைக்கோரல் பிரிவை, அதாவது கூடுதல் காசோ காலமோ கேட்கிற பிரிவை, மனப்பாடமாக வைத்திருங்கள். பிரச்சினை தெரிந்த நாளில் இருந்து 28 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்காததால் நியாயமான காசை இழந்த கம்பனிகள் உண்டு. எஞ்சினியர் என்றால் சேர்ந்த முதல் கிழமையே நிரலைக் கேட்டு வாங்கி, மழை மாதங்களுக்குள் என்ன வேலை விழுகிறது என்று பாருங்கள். புதிய திருத்தம் ஒன்று ஒபிசுக்கு வந்தால் பழைய தாளைக் கம்பி பாஸிடம் இருந்து நீங்களே போய் வாங்கிக் கிழித்துவிட்டு, புதியதைக் கையில் கொடுத்து, என்ன மாறியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். ஈமெயில் அனுப்பினேன் என்று சொல்ல வேண்டாம், அவரிடம் ஈமெயில் இல்லை.