வாசகர் கேள்வி பதில்: பாம்பன் பாலத்தில் ஸ்டீயரிங் ஏன் இறுகுகிறது?

கேள்வி (மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்): மின்சாரப் பவர் ஸ்டீயரிங் உள்ள கார் ஒன்றை அண்மையில் வாங்கினேன். கடைத்தெருவில் ஒரு கையால் எளிதாகத் திரும்பும் ஸ்டீயரிங், பாம்பன் பாலத்தில் ஏறி வேகம் கூடியதும் இறுகிவிடுகிறது. இது பழுதா? வேகத்துக்கேற்ப மாறும் இந்த அமைப்பால் காரின் சாலைப்பிடிப்பு கூடுமா?

பதில்: பழுது எதுவும் இல்லை, அப்படி இயங்க வேண்டும் என்றே உங்கள் கார் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் காரில் முன்சக்கரங்களைத் திருப்பும்போது, டயர்கள் தரையோடு உரசித் தேய்ந்தபடியே திரும்ப வேண்டியிருப்பதால் அதிக விசை தேவைப்படுகிறது. கார் உருளத் தொடங்கியதும் அந்தத் தேவை வெகுவாகக் குறைந்துவிடும். ஸ்டீயரிங் தண்டோடு இணைந்த மெல்லிய முறுக்குக் கம்பி எவ்வளவு முறுகுகிறது என்பதைக் கொண்டு நம் கையின் விசையை ஒரு சென்சார் அளக்கிறது; காரின் வேகம் சக்கர சென்சார்கள் வழியாகத் தெரியவருகிறது; இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, ஸ்டீயரிங்கைத் திருப்ப நம் கைக்கு உதவும் மின்மோட்டார் எவ்வளவு துணை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கருவி இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. வேகம் கூடக்கூடத் துணை குறைவதால், ஸ்டீயரிங் இறுகுவதாக உங்கள் கைக்குத் தோன்றுகிறது.

துணையை ஏன் குறைக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியமானது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு திருப்பினால் கார் பக்கவாட்டில் எவ்வளவு இழுக்கப்படுமோ, 80 கி.மீ. வேகத்தில் அதே அளவு திருப்பும்போது அதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு இழுக்கப்படும். பெரும்பாலான கார்களில் இது நான்கு மடங்குக்குச் சற்றுக் குறைவாக இருக்கும் என்றாலும், கணக்கின் போக்கு இதுதான். அந்த வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. பின்னிருக்கையில் உள்ள பிள்ளையிடம் பேசுவதற்காகத் தோளைத் திருப்பும்போது கை தானாக அசையும் அந்தச் சிறு அசைவே கார் தடம் விலகப் போதுமானது. ஸ்டீயரிங்கில் ஓரளவு கனம் இருந்தால் இத்தகைய தேவையற்ற அசைவு சக்கரம்வரை போய்ச் சேராது.

பாலத்தின்மேல் இதன் பயனைத் தெளிவாக உணரலாம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் இராமேசுவரம் நோக்கிச் செல்லும் காரை, 2 கி.மீ.க்கும் மேல் நீளும் அந்தப் பாலத்தில், காற்று வலப்புறமிருந்து தள்ளுகிறது. எதிரே வரும் பேருந்து காற்றை ஒரு கணம் மறைக்கிறது; அது கடந்ததும் காற்று மறுபடியும் மோதுகிறது. அந்த நேரத்தில் பதற்றத்தில் வேண்டியதைவிட அதிகமாகத் திருப்பிவிட்டு, உடனே எதிர்ப்பக்கம் திருப்பி, கார் இப்படியும் அப்படியும் அலைவதே ஆபத்தாகிறது. கனமான ஸ்டீயரிங் அந்த மிகைத் திருப்பலைத் தடுப்பதோடு, கையைத் தளர்த்தியதும் நடுநிலைக்குத் திரும்பவும் முனைகிறது. ஆகவே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரு கைகளையும் தளர்வாக வைத்து, வேகத்தைக் குறைத்து, சிறுசிறு திருத்தங்கள் மட்டும் செய்யுங்கள்.

சாலைப்பிடிப்பு கூடுமா என்ற கேள்விக்கு விடை, கூடாது என்பதே. டயர், சஸ்பென்ஷன் (சக்கரங்களின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு), எடைப் பகிர்வு, சாலையின் நிலை ஆகியவைதான் பிடிப்பைத் தீர்மானிக்கின்றன. ஸ்டீயரிங்கை எத்தனை பாகை திருப்பினால் சக்கரம் எத்தனை பாகை திரும்பும் என்ற விகிதத்தையும் இந்த அமைப்பு மாற்றுவதில்லை. அதை மாற்றும் தொழில்நுட்பம் வேறு. இங்கே மாறுவது உங்கள் கை செலுத்த வேண்டிய விசை மட்டுமே. கனம் கூடியதால் கார் வளைவை நன்றாகப் பிடிக்கும் என்று நம்பி வேகத்தைக் கூட்டுபவர்களை நினைத்து எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. சில கார்களில் உள்ள ‘ஸ்போர்ட்’ பொத்தான் ஸ்டீயரிங்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் கனத்தை மட்டுமே கூட்டுகிறது. அதற்கென்று கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

வேகத்துக்கேற்ப ஸ்டீயரிங்கின் கனத்தை மாற்றும் இந்த எண்ணம் புதியதும் அன்று. 1970இல் பிரான்சில் வெளிவந்த சிட்ரோயன் எஸ்.எம். காரில், வேகம் கூடக்கூட ஸ்டீயரிங்கை நடுநிலைக்கு இழுக்கும் விசையும் கூடும்படி எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டே செய்திருந்தார்கள். மின்மோட்டாரால் இயங்கும் பவர் ஸ்டீயரிங் ஜப்பானில் சுசூகி செர்வோ காரில் வந்தது 1988இல். பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

கேள்வி (இராமேசுவரத்திலிருந்து ஒரு வாசகி): தனுஷ்கோடி சாலையில் மணல் படிந்த இடங்களில் ஸ்டீயரிங் திடீரென இலேசாகிவிடுகிறது. வேகத்தைத் தவறாக எடுத்துக்கொண்டு துணையைக் கூட்டிவிடுகிறதா?

பதில்: பெரும்பாலும் இல்லை, அம்மா. திரும்பிய நிலையில் ஓடும் டயர், சாலையைப் பிடித்திருக்கும்வரை தன்னை நேராக்கிக்கொள்ள முயன்றுகொண்டே இருக்கும். நாம் கையில் உணரும் கனத்தில் பெரும்பகுதி அந்த முயற்சிதான். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டி அரிச்சல்முனைவரை காற்று வாரி இறைக்கும் மணலின் மேல் டயர் ஏறியதும், பிடிப்பு தளர்ந்து அந்த விசையும் குறைகிறது. ஸ்டீயரிங் இலேசாவது, முன்சக்கரங்கள் வழுக்கத் தொடங்கிவிட்டன என்பதன் அறிகுறி. மின்சார ஸ்டீயரிங்கில் மோட்டாரும் பற்சக்கரங்களும் இடையில் இருப்பதால் இந்த அறிகுறி சற்று மங்கலாகவே கைக்கு வந்து சேரும். எனவே அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். மணலைக் கண்ணால் கண்டதும், அதன்மேல் ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மணலின்மேல் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டீயரிங்கை நேராக வைத்துக் கடந்துசெல்லுங்கள்.

கேள்வி (கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர்): காரை நிறுத்தத் திருப்பும்போது சில நாள்களில் மட்டும் ஸ்டீயரிங் கனக்கிறது, எச்சரிக்கை விளக்கும் எரிந்து அணைகிறது. உப்புக்காற்று காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். நிறுத்தும் நேரத்தில்தான் மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுக்கிறது. பேட்டரி முனையிலோ எர்த் ஒயர் பாடியில் திருகப்பட்டுள்ள இடத்திலோ பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் மின்னழுத்தம் சரிந்து, கருவி துணையைக் குறைத்துவிடும். முதலில் அந்த இணைப்புகளைச் சுத்தம் செய்து, பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். குறுகிய தெருவில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை பலமுறை திருப்பியதால் மோட்டார் சூடாகியிருந்தாலும் துணை குறையும். சிறிது நேரத்தில் அது சரியாகிவிடும். இவை எதுவும் காரணமில்லை என்றால், பதிவான பிழைக் குறியீட்டை ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் வைத்துப் படிக்க வேண்டும். கடலோரம் போய்வந்த பிறகு காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது எப்போதும் நல்லது.

கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு வாசகர்): பவர் ஸ்டீயரிங் இல்லாத என் பழைய காரில் இதை வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: வேண்டாம். எந்த வேகத்தில் எவ்வளவு துணை என்ற அளவுகள் ஒவ்வொரு காரின் எடைக்கும் டயருக்கும் ஏற்பத் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. வேறொரு காரிலிருந்து கழற்றிய மோட்டார், வேகத் தகவல் கிடைக்காமல் எல்லா வேகத்திலும் ஒரே அளவு துணை செய்தால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்கள் ஸ்டீயரிங் ஆபத்தான அளவுக்கு இலேசாகிவிடும். முன்டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்து, வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சீராக்குவது) செய்து, தேய்ந்த பால் ஜாயின்டுகளை (சக்கரம் திரும்ப உதவும் உருண்டை மூட்டுகளை) மாற்றினாலே பழைய ஸ்டீயரிங்கின் கனம் கணிசமாகக் குறையும்.