விசித்திரப் பேனாக்கத்திகள்: கேளுங்கள், சொல்கிறேன்

பெண்ணின் கால், சப்பாத்து, மீன், ஷாம்பெயின் பாட்டில் என்று உருவம் உருவமாக வந்த பழைய மடக்குக் கத்திகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன். நான் சேர்ப்பது பெரும்பாலும் 1880 முதல் 1940 வரை ஜெர்மனியில் கத்திக்குப் பெயர்போன சோலிங்கன் நகரிலும் அமெரிக்காவிலும் செய்தவை. வேட்டைக் கத்தி, ராணுவக் கத்தி எல்லாம் தனி உலகம், அதை அறிந்தவர்களிடம் கேளுங்கள்.

கால் வடிவத்தில் கத்தி எதற்கு? யார் வாங்கினார்கள்? (கோவையிலிருந்து ஒருவர்)

பெரும்பாலும் யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை, சும்மா கிடைத்தது என்பதுதான் சுவாரசியம். அந்தக் காலத்தில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆண்கள் எல்லோர் சட்டைப்பையிலும் ஒரு பேனாக்கத்தி இருக்கும், சுருட்டு நுனியை வெட்ட, பென்சில் சீவ, கயிறு அறுக்க, ஆப்பிள் நறுக்க. ஒருவன் நாள் முழுக்கத் தொட்டுக்கொண்டே இருக்கும் பொருளில் நம் பெயர் இருந்தால் எப்படி இருக்கும் என்று மதுக்கம்பெனிக்காரர்களும் செருப்புக் கம்பெனிக்காரர்களும் யோசித்தார்கள். செருப்பு விற்பவர் சப்பாத்து வடிவக் கத்தி கொடுத்தார், மது விற்பவர் பாட்டில் வடிவக் கத்தியில் தக்கைத் திருகியும் சேர்த்துக் கொடுத்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் செயின்ட் லூயிஸ் பீர் அதிபர் அடால்ஃபஸ் புஷ். முகவரி அட்டைக்குப் பதிலாக அவர் பேனாக்கத்தி கொடுப்பார். அதன் கைப்பிடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சின்னக் கண்ணாடிப் புள்ளி இருக்கும். கத்தியை வெளிச்சத்தின் பக்கம் பிடித்து அந்தப் புள்ளியைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்தால் உள்ளே புஷ்ஷின் முகம் பெரிதாகத் தெரியும்! இதை ஸ்டான்ஹோப் என்பார்கள். ஒரு நெல்மணியின் அகலம்கூட இல்லாத கண்ணாடிக் கோல், அதன் ஒரு முனை குவிவில்லையாகக் கடையப்பட்டிருக்கும், தட்டையான மறுமுனையில் குண்டூசித் தலை அளவுப் புகைப்படம் ஒட்டியிருக்கும். பிரான்ஸின் ரெனே டாக்ரோன் 1859ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு வேண்டுகோள்: ஸ்டான்ஹோப் உள்ள கத்தியைத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ முக்காதீர்கள். படத்தை ஒட்டிய பிசின் கரைந்தால் படம் போய்விடும், அதைத் திரும்ப ஒட்ட ஆள் கிடைப்பது அரிது.

வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? என் தாத்தாவின் மீன் கத்தியில் "ஜெர்மனி" என்று மட்டும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

முதலில் கத்தியைத் திறந்து, அலகு கைப்பிடிக்குள் நுழையும் அடிப்பகுதியைப் பாருங்கள். சேகரிப்பவர்கள் அதை டேங் என்பார்கள், முத்திரை அங்கேதான் இருக்கும். 1890ல் வந்த அமெரிக்க வரிச் சட்டம், இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்கச் சொன்னது, 1891 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. அதனால் அமெரிக்கச் சந்தைக்குப் போன கத்தியில் நாட்டின் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தையது. "சோலிங்கன்" என்ற பெயரை யார் போடலாம் என்பதற்கு 1938ல் ஜெர்மனியில் தனிச் சட்டமே வந்தது, ஆனால் அந்தச் சொல் அதற்கு முன்பும் கத்திகளில் உண்டு, எனவே அதை மட்டும் வைத்து வருடம் சொல்லாதீர்கள். "ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1952க்கு முன். முத்திரையே இல்லாத நல்ல கத்திகளும் உண்டு, பயந்துவிடாதீர்கள்.

உங்கள் தாத்தாவின் மீனைப் படத்தில் பார்த்தேன். செதில் வேலைப்பாடு வால்பக்கம் மழுங்கி, தலைப்பக்கம் கூர்மையாக இருக்கிறது. பையில் அது எப்படிக் கிடந்தது என்பதுகூட அதிலிருந்து தெரிகிறது. தயவுசெய்து விற்காதீர்கள்.

கோகோ கோலா பாட்டில் வடிவக் கத்தி, "1905" என்று சொல்லி ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். இடுப்பு குறுகி வரிவரியாக இருக்கும் அந்தப் பாட்டிலை இண்டியானா மாநிலத்து ரூட் கண்ணாடிக் கம்பெனி வடிவமைத்ததே 1915ல்தான். பாட்டில் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே அதன் வடிவில் கத்தி எப்படி வரும்? பழைய விளம்பரக் கத்திகளிலேயே அதிகம் போலி வருவது இந்த பிராண்டுக்குத்தான். அசலே இல்லாமல், பின்னாளில் கற்பனையாகச் செய்து "பழசு" என்று விற்கும் ரகங்களும் இருக்கின்றன.

பொதுவாகப் போலியை எப்படிப் பிடிப்பது? (மலேசியாவிலிருந்து)

உருவத்தைப் பார்த்து மயங்காமல் உள்ளே பாருங்கள் என்பதுதான் என் பதில். உருவத்தை அச்சு எடுத்து யாரும் வார்த்துவிடலாம், ஆனால் அலகும் அதை இறுக்கிப் பிடிக்கும் வில்லும் (ஸ்பிரிங்) ஒன்றோடொன்று பொருந்துவதற்குக் கை வேலை வேண்டும், போலி செய்பவருக்கு அதில் பொறுமை இருக்காது. நல்ல சோலிங்கன் கத்தியைத் திறந்தால் பாதியில் ஒரு இறுக்கம் தெரியும், அப்புறம் "டக்" என்று நிற்கும், மூடும்போதும் அதே சத்தம். திறந்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், கொஞ்சம் ஆடினால் தேய்மானம், தொளதொளவென்று ஆடினால் யோசியுங்கள்.

அடுத்து, தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உண்மையிலேயே பையில் கிடந்த கத்தி, காசோடும் சாவியோடும் உரசிய பக்கம் அதிகம் தேய்ந்திருக்கும், பள்ளமான இடங்களில் கறுத்து, மேடான இடங்களில் பளபளப்பாக இருக்கும். அமிலத்தில் போட்டுப் பழசாக்கியது எல்லா இடத்திலும் ஒரே மாதிரிக் கறுத்திருக்கும், கை படவே படாத உட்பக்கம்கூட. பூதக்கண்ணாடி வைத்து டேங் அருகே பாருங்கள். கறுப்புக்கு அடியில் புதிய அரைப்புக் கோடுகள் கூர்மையாகத் தெரிந்தால் பணத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள்.

கைப்பிடிக்குள் புகைப்படம் தெரியும் கத்தி ஒன்று வைத்திருக்கிறேன். அலகு மட்டும் திடீரென்று துருப்பிடிக்கிறது, ஏன்?

இது முக்கியம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஒளி ஊடுருவும் கைப்பிடிக்கு அடியில் படமோ விளம்பரமோ வைத்த கத்திகளுக்கு ஒஹாயோவின் கேன்டன் நகரம் பெயர்போனது. அந்தக் கைப்பிடி செல்லுலாய்டு. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பக்குவப்படுத்தி, கற்பூரம் சேர்த்துச் செய்வது. கட்டைவிரலால் சூடு வரும்வரை தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசனை லேசாக வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யாதீர்கள், செல்லுலாய்டு குப்பென்று தீப்பிடிக்கும்.

வருடங்கள் போகப்போக கற்பூரம் ஆவியாகிறது, செல்லுலாய்டு சிதைந்து அமில ஆவியை விடுகிறது. அந்த ஆவிதான் உங்கள் அலகைத் தின்கிறது. மூடிய டப்பாவில் வைத்தால் ஆவி வெளியே போக வழியில்லாமல் பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் கெடுத்துவிடும். கைப்பிடியில் பொடிப்பொடியாக விரிசல், மூக்கில் ஏறும் நெடி, ஆணியைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, இதில் எது தெரிந்தாலும் அந்தக் கத்தியை உடனே தனியாக எடுத்து, வெயில் படாத, காற்றோட்டமான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். சிதைவை நிறுத்த முடியாது, மெதுவாக்க முடியும். இப்போதே இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னப் புகைப்படத்தில் இருப்பவர்களுக்கு வேறு படம் எங்கும் இல்லாமல் இருக்கலாம்.

பாலிஷ் போடலாமா? சாணை பிடிக்கலாமா?

கூடாது, இரண்டும் கூடாது. சிவப்புத் துருவை மட்டும் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டு, ஊறியதும் மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டுங்கள். சாம்பல் கறுப்பு அப்படியே இருக்கட்டும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், பித்தளை பச்சை பூக்கும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவரச் சட்டச் சிக்கல் உண்டா? (சென்னை)

இந்திய ஆயுத விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் ஆயுதக் கணக்கில் வருகின்றன, வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் உள்ளவை தவிர. விரல் நீளப் பேனாக்கத்தி அதற்குள் வராது. ஆனாலும் கைப்பையில் வைத்து விமானம் ஏறாதீர்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பிடுங்கிவிடுவார்கள். தந்தக் கைப்பிடி என்றால் தொடவே வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. இன்னொன்று: இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் அன்வின் அண்ட் ரோட்ஜர்ஸ் கம்பெனி 19ஆம் நூற்றாண்டில் மடக்குக் கத்தியோடு கைத்துப்பாக்கியையும் சேர்த்துச் செய்தது. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் சுடும். அருங்காட்சியகத்தில் பார்த்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் பார்த்ததிலேயே மிக விசித்திரமானது?

படத்தில்தான் பார்த்திருக்கிறேன்: ஷெஃபீல்டின் ஜோசப் ரோட்ஜர்ஸ் கம்பெனி 1851 லண்டன் பொருட்காட்சிக்குச் செய்த நார்ஃபோக் கத்தி. 75 அலகுகளும் கருவிகளும், முத்துச்சிப்பிக் கைப்பிடி, அலகுகள்மேல் செதுக்கிய காட்சிகள். எதையும் வெட்டுவதற்காகச் செய்ததல்ல, எங்களால் இவ்வளவு முடியும் என்று காட்டச் செய்தது. அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

கையில் பணம் குறைவு. எங்கே தொடங்கலாம்? (கல்லூரி மாணவி)

ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் இம்பீரியல் மாதிரியான கம்பெனிகள் மெல்லிய தகட்டை மடித்துக் கைப்பிடி போட்டு லட்சக்கணக்கில் கத்தி செய்தன. குழந்தைகளுக்கான கௌபாய் கத்திகள், 1939 நியூயார்க் உலகப் பொருட்காட்சியின் சின்னமான கூம்பும் உருண்டையும் போட்ட நினைவுக் கத்திகள் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ஒரே கருவை எடுத்துக்கொள்ளுங்கள், மீன் மட்டும், அல்லது சப்பாத்து மட்டும். கண் சீக்கிரம் பழகும்.

அலகு நுனி உடைந்திருக்கிறது. வேறு கத்தியின் அலகைப் பொருத்தலாமா?

வேண்டாம். ஆணியைத் தட்டி எடுத்தால் கைப்பிடி பிளந்துவிடும், முத்திரையும் உருவமும் ஒன்றுக்கொன்று சேராத கத்தியாகிவிடும். உடைந்த நுனியோடே வையுங்கள், விற்கும்போது அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள்.