லித்துன்னா கல்லு, அதைப் பிடிச்சுக்கோ

மேலூர் பக்கம் நர்சிங் படிக்கிற தங்கச்சி ஒண்ணு கேட்டிருக்கு, அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்ல ரீனல் கால்குலஸ்னு போட்டிருக்கு, டிஸ்சார்ஜ் சம்மரில நெஃப்ரோலித்தியாசிஸ்னு இருக்கு, ரெண்டும் வேற வேற நோயா, இந்த வார்த்தையெல்லாம் எப்படித்தான் மனப்பாடம் பண்றதுன்னு.

ரெண்டும் ஒண்ணுதாம்மா, கிட்னில கல்லு. கால்குலஸ் லத்தீன், சின்னக் கூழாங்கல்லுன்னு அர்த்தம். இன்னொண்ணு கிரேக்கம், அதை மனப்பாடம் பண்ணாத, பிரிச்சுப் பாரு. நெஃப்ரோஸ்னா கிட்னி, லித்தோஸ்னா கல்லு, கடைசில வர்ற இயாசிஸ் அந்தக் கோளாறு இருக்குன்னு சொல்லுது. முன்னாடி இருக்கிறதை மட்டும் மாத்து, கோலிலித்தியாசிஸ்னா பித்தப்பைக் கல்லு. பின்னாடி இருக்கிறதை மாத்தினா லித்தோட்ரிப்சி, அதாவது அதிர்வலை குடுத்து கல்லை நொறுக்குறது.

லேபர் வார்டு போஸ்டிங் போனா லித்தாட்டமி பொசிஷன்னு சொல்லுவாங்க, பிரசவத்துக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம்னு தோணும். டோமின்னா வெட்டுறது. மயக்க மருந்தே இல்லாத காலத்துல மூத்திரப்பைக் கல்லை வெட்டி எடுக்க ஆளை மல்லாக்கப் படுக்க வச்சு காலைத் தூக்கி விரிச்சுப் பிடிச்சுக்குவாங்க, எம்புட்டு வலிச்சிருக்கும் பாரு, அந்தப் படுக்கைக்கு வச்ச பேரு பிரசவ அறைக்கும் வந்துருச்சு. பழைய கிரேக்க வைத்தியர் ஹிப்போக்ரட்டீஸ் பேர்ல இருக்கிற டாக்டர்களோட பழைய உறுதிமொழிலயே கல்லுக்குக் கத்தி வைக்க மாட்டேன், அந்த வேலை தெரிஞ்சவங்ககிட்ட விட்டுருவேன்னு ஒரு வரி இருக்கு.

ஆஸ்பத்திரிக்கு வெளியவும் இந்த லித்து கிடக்கு. மோனோன்னா ஒண்ணு, நீ தினம் பஸ்ல ஒத்தக்கடை தாண்டுறப்ப யானைமலை ஒரே பாறையா படுத்துக் கிடக்குல்ல, அதைப் பாக்கிறப்ப மோனோலித்னு நினைச்சுக்கோ, மறக்காது. சிவகாசில பெரியவங்க சொல்ற லித்தோ பிரஸ்ஸும் இதேதான், 1796 வாக்குல ஜெர்மனி பக்கம் பவேரியால செனெஃபெல்டர்ங்கிறவர் சுண்ணாம்புக்கல்லுல எழுதி அச்சடிச்சதுல வந்த பேரு. சைக்யாட்ரி வார்டுல குடுக்கிற லித்தியம் கூட 1817ல ஸ்வீடன்காரர் ஆர்வெட்சன் ஒரு கல்லை ஆராயுறப்ப கிடைச்சதாலதான் அந்தப் பேரு.

ஒரே ஒரு இடத்துல மட்டும் ரொம்பக் கவனமா இரு. இங்கிலீஷ்ல எழுதுறப்ப சி-க்கு அப்புறம் எச் இருந்தா பித்தம், எச் இல்லாத கோலோ பெருங்குடல். கோலிசிஸ்டெக்டமின்னா பித்தப்பையை எடுக்கிறது, கோலெக்டமின்னா பெருங்குடலை எடுக்கிறது, தமிழ்ல எழுதினா ரெண்டும் கோ-ல தான் ஆரம்பிக்குது, அதனால கேஸ் ஷீட்ல எழுதுறப்ப ஸ்பெல்லிங்கை ரெண்டு தடவை பாத்துரு. அப்பா ரிப்போர்ட்ல கல்லு எத்தனை எம்எம், எந்த இடத்துல இருக்குன்னும் பாத்து டாக்டர்கிட்ட கேட்டுரும்மா, தானா வெளியேறுமா இல்ல எடுக்கணுமான்னு அதை வச்சுத்தான் பெரும்பாலும் சொல்லுவாங்க.